மைக்கறை போன நட்சத்திரம்

திரைச்சீலை தைக்கும் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. தையல் போட்ட கையோடு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி இழுத்துவிடும். தங்கையின் பிறக்கப்போகும் குழந்தைக்கு நட்சத்திரப் போர்வை தைக்க உட்கார்ந்தபோதும் அக்கா அதையே செய்தாள்.

கைபேசியில் பார்த்துக் கற்ற புது முறை அது. இரண்டு சதுரத் துணிகளைச் சேர்த்து நாலு பக்கமும் தைத்து, மூலைக்கு மூலை வெட்டினால் இருநிறக் கட்டங்கள் கிடைக்கும். ஆனால் குறுக்கே வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கு வரும். தேய்த்து முடித்தபோது நட்சத்திரத்தின் முனைகள் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றன.

தங்கை ஆசையாகக் கொடுத்த அவளுடைய பழைய மஞ்சள் கவுனின் துணி அது. முதலில் கந்தலில் தைத்துப் பார்த்திருக்கலாம். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. கடையில் அதே மஞ்சளைத் தேடி வாங்கி, இம்முறை இஸ்திரியை இழுக்காமல் ஒற்றி எடுத்து, போர்வையை முடித்துவிட்டாள்.

தங்கை வந்து நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இடுப்புகிட்ட ஒரு மைக்கறை இருந்துச்சே, அதையும் எடுத்துட்டியாக்கா? நான் எவ்வளவு தேய்ச்சும் போகல. உன் கை கைதான்."

"ம்."

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் பேனா கொட்டினது. அது போனதுல லேசா வருத்தம்தான். பரவாயில்ல, நீ கஷ்டப்பட்டிருக்கே."

அதற்குமேல் அக்காவால் தாங்க முடியவில்லை. இழுப்பறையிலிருந்து கோணல் நட்சத்திரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். ஓரத்தில் கறை அப்படியே இருந்தது.

"கறை போகல. துணியை நான்தான் கெடுத்துட்டேன். போர்வையில இருக்கிறது கடைத்துணி."

தங்கை அதை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"காத்துல திரும்பின குடை மாதிரி இருக்கு," என்றாள். சிரிக்கவில்லை. "சொல்லியிருக்கலாம்லக்கா."

அக்கா போர்வையை இழுத்து மடியில் போட்டு, நேராக நின்ற நட்சத்திரத்தின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். அதன் இடத்தில் வைக்க, தங்கை கோணல் நட்சத்திரத்தை எடுத்து நீட்டினாள்.