பாபநாசத்தின் குழாயில் கேட்ட சத்தம்

சேரன்மகாதேவிப் பக்கம் பாபநாசத்தைத் தெரியாத கோயில் கொடை விழாக் கமிட்டி கிடையாது. பாபநாசம் என்பது இங்கே ஊரல்ல, ஆள். மைக், ஆம்ப்ளிபயர், மரத்து உச்சியில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிற ரேடியோ செட்காரர். தொழிலில் சுத்தமான மனிதர்தான். ஆனால் சந்தேகம் என்று ஒன்று இருக்கிறதே, அது அவருக்குக் கூடப்பிறந்தது. பால்காரன் சிரித்தால் தண்ணீர் கூடிப்போச்சு என்பார். சிரிக்காவிட்டால், பிடிபட்ட முழி முழிக்கிறான் என்பார். கல்யாணமான புதிதில் மாமனார் ஆசையாக ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்ததற்கு, அதை விளக்கருகே கொண்டுபோய் விரித்து ஓட்டை தேடிய ஆள். அவர் மனைவி சொர்ணாம்பாள் இன்றைக்கும் அதைச் சொல்லி நாலு பேர் நடுவில் அவர் மானத்தை வாங்குவாள்.

அந்த மாமனாரின் கடைசி மகன் முத்துமாலை. சாத்தான்குளத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், அத்தானின் தொழிலில் அப்படியே ஒட்டிக்கொண்டான். பாபநாசத்துக்கு முட்டி வலி, மரம் ஏற முடியாது. பனையோ புளியோ, ஏறிக் குழாய் கட்டுவது முத்துமாலைதான். ஆம்ப்ளிபயர் மக்கர் பண்ணினால் திறந்து ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் அவன்தான். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளையாக வருசக்கணக்கில் இருந்தான். அவனுக்கும் முப்பது நெருங்கியது. தொண்ணூற்றெட்டாம் வருசம் பங்குனி முடியும் சமயம், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பைய வாயைத் திறந்தான்.

"அத்தான், சாத்தான்குளத்துல சொந்தமா ஒரு செட் போடலாமான்னு பாக்கேன். நீங்க சரின்னு சொன்னாத்தான்."

"போடேன் லே. நல்லா இரு" என்று பாபநாசத்தின் வாய் சொல்லிவிட்டது. மனசு சும்மா இருக்குமா? தனிக்கடை போடுகிறவன் என் பேரைக் கெடுக்காமலா போவான் என்று அன்றைக்கே அதற்குள் ஒரு பூச்சி புகுந்துகொண்டது. அதன்பிறகு முத்துமாலை ஸ்குரூடிரைவரை எடுத்தால் இவர் கண் அவன் கையிலேயே கிடந்தது. அவன் பார்க்காத நேரம் ஆம்ப்ளிபயரைத் திறந்து, தனக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும், உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

சித்திரையில் வாய்க்கால் கரை இசக்கியம்மனுக்குக் கொடை. வாய்க்காலில் தண்ணீரை அடைத்திருந்த நேரம். முத்துமாலை விடியக்காலமே புளியமரத்தில் ஏறி இரண்டு குழாயையும் கட்டி முடித்தான். பாட்டுப் போட்டார்கள். கணீரென்று நன்றாகத்தான் கேட்டது. வெயில் ஏறிய பிறகு, பாட்டுக்கு நடுவில் ஒரு சத்தம். டிர்க். கொஞ்சம் விட்டு, டிர்க். மறுபடியும் டிர்க். பாட்டை நிறுத்தினால் அது மட்டும் தனியாகக் கேட்டது. மைக்கைக் கழற்றினாலும் நிற்கவில்லை.

கமிட்டித் தலைவர் நமச்சிவாயம் அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு வந்தார். "என்னவே இது, பல்லி கத்துத மாதிரி? சாயங்காலம் வில்லுப்பாட்டு இருக்கு. இதோட எப்படி வே பாட முடியும்? முடியலன்னா இப்பமே சொல்லும், வேற செட்டைக் கூப்பிட்டுக்கிடுதோம். ஆனா அப்புறம் இந்தக் கரையில எந்தக் கொடைக்கும் உம்ம செட்டு வராது, சொல்லிட்டேன்."

பாபநாசம் திரும்பிப் பார்த்தார். முத்துமாலை புளியமரத்திலிருந்து அவசர அவசரமாக இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"அத்தான், நான் ஒண்ணு சொல்லுதேன்..."

"என்னத்தச் சொல்லப்போற? போன வாரம் ஆம்ப்ளிபயரைத் திறந்தியே, உள்ள என்ன லே பண்ணி வச்ச?"

"நானா?"

"பின்ன நானா? தனிக்கடை போடணும்னா போய்த் தொலைய வேண்டியதுதானே! என் சோத்தத் தின்னுட்டு என் தலையிலேயே கல்லத் தூக்கிப் போடுதியே, வெக்கமா இல்ல? துரோகி!"

கொடைக்கு வந்திருந்த பெண்கள் பொங்கல் பானையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முத்துமாலையின் முகம் வெளிறிப்போயிற்று. இடுப்பில் செருகியிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்து ஆம்ப்ளிபயர் மேல் வைத்தான். நேராக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் கரையை விட்டு இறங்குவதற்குள் அந்தச் சத்தம் நின்றுபோனது! "பாத்தியளா அண்ணாச்சி, ஆளு போனதும் சத்தமும் போச்சு. நான் சொன்னேன்லா?" என்று பாபநாசம் நெஞ்சை நிமிர்த்தினார். நமச்சிவாயமும் தலையை ஆட்டினார். இதைவிட வேறு சாட்சி எதற்கு?

அந்த நிமிர்ந்த நெஞ்சு சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் தாங்கியது. டிர்க். மறுபடியும் டிர்க். பாபநாசத்துக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஆளில்லாமலே சத்தம் வருகிற மாதிரி பயல் ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பதுதான். ஒயரைப் பிடித்துக்கொண்டு முழம் முழமாகத் தடவிப் பார்த்தபடி போனார். ஒயர் முடிந்த இடத்தில் நிமிர்ந்தால், எதிரே வாய்க்கால் கரையில் உயரமாக ஒரு மூன்று கால் ஸ்டாண்டு, அதன் உச்சியில் ஒரு கம்பி. கீழே லாரி பாட்டரி. அதோடு சேர்த்து செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. கோயில் குழாய் டிர்க் என்றது. விளக்கு மறுபடி மினுக்கியது. குழாயும் மறுபடி டிர்க் என்றது. பாபநாசம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா நீ? இது என்ன பெட்டி?"

அந்தப் பெண் எழுந்து பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் சந்தேகம். வாய்க்காலை அளக்க வந்த நாளிலிருந்து, நிலத்தைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறாய் என்று அடையாள முளைகளை யாரோ பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். "நான் விஜயஸ்ரீ. வாய்க்கா சர்வே. பெட்டியத் தொடாதீங்க அண்ணாச்சி. முளை பிடுங்குத ஆளா நீங்க?"

"நான் மைக் செட்டுக்காரன் தாயி. உன் பெட்டி மினுக்க மினுக்க என் குழாய் கத்துது. கேட்டுப் பாரு."

விஜயஸ்ரீ காதைக் கொடுத்துக் கேட்டாள். விளக்கைப் பார்த்தாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே. இது ரேடியோ அண்ணாச்சி. அங்கன தூரத்துல கோல் பிடிச்சு அளக்காங்கல்லா, அவங்க கருவிக்கு விநாடிக்கு ஒரு தடவை கணக்கு அனுப்பும். போன வாரம் ராதாபுரத்துல வேலை. அங்க தூரம் அதிகம்னு முப்பத்தஞ்சு வாட் பவர் வச்சேன். இங்க வந்தும் அதை மாத்தாம விட்டிருக்கேன். உங்க நீள ஒயரு அதை வாங்கி ஆம்ப்ளிபயர்ல கொண்டு விடுது."

"அப்ப நடுவுல நின்னுச்சே?"

"முழுப் பவர்ல ஓடினா பாட்டரி சீக்கிரம் இறங்கிரும். ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னா பெட்டி தன்னால அணைஞ்சுக்கிடும். காலையில அப்படித்தான் அணைஞ்சுது. வேற பாட்டரி வந்து இப்பத்தான் மாட்டினேன்."

பாபநாசத்துக்குக் காலடியில் கரை சரிகிற மாதிரி இருந்தது. அவன் போனதும் நின்றது என்று நெஞ்சை நிமிர்த்தினாரே, அது ஒரு லாரி பாட்டரி செத்த நேரம்.

விஜயஸ்ரீ ஒலிபரப்பை நிறுத்தினாள். பெட்டியின் சின்னத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தள்ளி, பவர் என்ற இடத்துக்கு வந்து, முப்பத்தைந்தை இரண்டாக்கிப் பதிவு செய்தாள். சேனலைத் தொடவில்லை, தொட்டால் கோல் பிடிக்கிறவர்களும் தங்கள் கருவியில் மாற்ற வேண்டும் என்றாள். மறுபடி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டு வாக்கிடாக்கியில் கேட்டாள். "கணக்கு வருதா?" "நல்லா வருது மேடம்" என்று பதில் வந்தது. விளக்கு பழையபடி மினுக்கியது. கோயில் குழாயில் பாட்டு மட்டும்தான் கேட்டது. "பாட்டரியும் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். முதல்லயே செய்திருக்கணும், என் தப்புதான் அண்ணாச்சி" என்றாள். பாபநாசம் கோயிலைப் பார்த்து நடந்தார்.

கொடை ஒரு குறையுமில்லாமல் நடந்தது. வில்லுப்பாட்டு அக்கரை வரைக்கும் கேட்டது. நமச்சிவாயம் அண்ணாச்சி கூப்பிட்டு மாலை போட்டார். மாலையோடு வீட்டுக்குப் போனால் சொர்ணாம்பாள் வாசலிலேயே நின்றாள். கரையில் நடந்தது முழுக்க அவள் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது. "என் தம்பியக் கூட்டிட்டு வந்தாத்தான் இந்த வீட்டுல அடுப்பு பத்தும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாபநாசம் மறுநாளே சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினார். வழி நெடுக, மற்றவர்கள் மேல் போட்ட சந்தேகத்தையெல்லாம் எடுத்துத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். இவ்வளவு நாள் கூட இருந்தவனை ஒரு சத்தத்துக்காக அறுத்துப் போட்டோமே என்று கண் கலங்கியது. பக்கத்து இருக்கைக்காரர், "தூசி விழுந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

முத்துமாலை, வாங்க அத்தான் என்றான். செம்பில் தண்ணீர் நீட்டினான். பாபநாசம் செம்பைக்கூட வாங்காமல் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"தப்பு என் மேலதான் லே. அது சர்வேக்காரப் பொண்ணோட ரேடியோ. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஊருக்கு முன்னால ஏசினேன், ஊருக்கு முன்னாலயே மன்னிப்புக் கேக்கேன். உன் கடையையும் நானே வந்து திறந்து வைக்கேன். இப்ப எங்கூட வா. உங்க அக்கா பட்டினி கிடக்கா."

முத்துமாலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆணியில் கிடந்த சட்டையை எடுத்தான். ஒரு கையை நுழைத்தான். பாபநாசத்துக்குப் போன உயிர் திரும்பியது.

"அந்தச் சர்வேக்காரப் பொண்ணு கரையில கம்பி நட்டதை நான் மரத்து மேல இருந்து பாத்தேன் அத்தான்" என்றான், லேசாகச் சிரித்துக்கொண்டே. "சத்தம் வந்ததும், அதுவா இருக்குமோன்னு தோணிச்சு. போய்க் கேட்டுட்டு வாரேன்னு சொல்லத்தான் ஓடியாந்தேன். நீங்க எங்க சொல்ல விட்டிய?"

ஆமாம் லே, நான்தான் விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாபநாசத்தின் நெற்றி சுருங்கியது. கண் முத்துமாலையின் முகத்தில் போய் நின்றது.

"அப்ப, தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய மாட்டிவிட்டுட்டுப் போனியா?"

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. வாயைப் பொத்தினார். என்ன பிரயோசனம்? முத்துமாலை நுழைத்த கையை உருவினான். சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். கோபம்கூட இல்லை அவனிடம்.

"சோறு ஆகிட்டு இருக்கு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க அத்தான்" என்றான். "அக்காவை வரச் சொல்லுங்க. எப்ப வேணும்னாலும் வரட்டும். நீங்க மட்டும் இனி வராண்டாம்."