ஒரே கணக்கில் இரண்டு பேர்

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் காலை டிராமில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காதில் எதையாவது மாட்டிக்கொண்டால்தான் வழி நகரும். எனக்கோ மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் பாட்டு பொசுக்கென்று நின்றுவிடும். வேறொரு கருவியில் பாடிக்கொண்டிருப்பதாகத் திரையில் ஒரு வரி வரும். பாளையங்கோட்டையில் அப்பா பேப்பர் படித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். நான் மறுபடி அழுத்துவேன், அங்கே அவருக்கு நிற்கும். உடனே அவர் அழுத்துவார். அலுவலகம் வரும்வரை இதே இழுபறிதான்.

நாங்கள் இருவரும் பாட்டு கேட்கும் கணக்கு அப்பாவுடையது. அதற்கு ஊரில் கட்டுகிற மாதச் சந்தா இங்கே ஒரு காபிக்குக் காணாது. மலிவுக்கு ஏற்றபடி ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாடும். ஒலியும் சுமார், தகரத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி இருக்கும். என் மேஜைக்கு எதிரே இருக்கும் மத்தியாஸ், "யாரோ உன் கணக்கைத் திருடுகிறார்கள்" என்றான். "திருடன் என் அப்பா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. போலீசுக்குப் போவது கஷ்டம்தான் என்று மெய்யாகவே வருத்தப்பட்டான்.

எதில் பாட்டு கேட்கலாம் என்று இங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மூன்று சேவைகளைப் பார்த்துவிட்டேன். ஒன்று இலவசம், ஆனால் சரணத்துக்கு நடுவில் மெத்தை விளம்பரம் வரும். இன்னொன்றில் ஒலி பரவாயில்லை, நம் பழைய பாட்டுகள் பாதி கிடையாது. மூன்றாவதுதான் அசல் ஒலி. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். விலையைப் பார்த்தால் நம் மூச்சும் கேட்கும். இருந்தாலும் அதையே வாங்கிக்கொண்டு பழைய கணக்கை அப்பாவுக்கே விட்டுவிட்டேன்.

அப்பா ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடியவர். கிறிஸ்துமஸுக்கு வாடகை ஸ்பீக்கர் வந்தால், "பேஸ் அடங்கிக் கெடக்கு, வேற கொண்டாங்க" என்று திருப்பி அனுப்புவார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். நான் போன் பண்ணினால், "சாப்பிட்டியா? சரி, வச்சிரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

புதுச் சேவையில் பாட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. முதல் வாரம் சொர்க்கம்தான். அடுத்த வாரம் அந்த டிராமில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்பது உறைக்க ஆரம்பித்தது. அப்போதுதான், வழக்கமில்லாத வழக்கமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவே கூப்பிட்டார்.

"ஏட்டி, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தானப்பா இருக்கேன்."

"கொஞ்ச நாளா பாட்டு நிக்கவே மாட்டேங்கு. வேலைக்குப் போகலையோன்னு நெனச்சேன்."

"வேற கணக்கு வாங்கிட்டேன்ப்பா. அதுல சவுண்டு நல்லாருக்கு."

"பேஸ் நல்லா கேக்கா?"

"கேக்குப்பா."

"அப்பம் சரி. அங்கனயே கேளு" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கே புதுச் சந்தாவை நிறுத்தினேன். நல்ல ஒலியை விட்டு மட்டமானதற்கு யாராவது திரும்புவார்களா என்று மத்தியாஸ் கேட்டான். அவனுக்குச் சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் போதாது.

இப்போது டிராமில் ஏறியதும் ஒரே ஒரு தடவை அழுத்துவேன். நான் ஏறிவிட்டது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் திரும்ப அழுத்துவார். அப்புறம் நான் மல்லுக்கட்டுவதில்லை. ஹெட்போனைக் கழற்றாமல், சத்தமே இல்லாமல், அவர் கேட்கும் பாட்டின் பெயரையும் அதன் கீழே ஊர்ந்து போகிற கோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேற்று அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையைப் போட்டார். முடிந்ததும் மறுபடி அதையே போட்டார். கோடு கடைசிவரை போகட்டும் என்று நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.