பைரோஜா நிமிர்த்திய கோடு

விருதுநகரில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பைரோஜா, சிவகாசி அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலைக்கு வந்து நான்கு வருடமாகியிருந்தது. கோணல் என்றால் அவளுக்கு ஆகாது. பட்டாசு லேபிளோ கல்யாணப் பத்திரிகையோ, கோடு இம்மி சாய்ந்தாலும் கை பரபரக்கும். நிமிர்த்திவிட்டுத்தான் டீ குடிப்பாள்.

2005 அக்டோபரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கான இயற்பியல் கைடு ஒன்று வந்தது. எழுதியவர் பொன்னுத்தங்கம் என்ற வயதான பேராசிரியை. "அவுகளுக்குத் திருத்தம் பாக்கப் புரூஃப் அனுப்ப நேரமில்ல. பைரோஜா படிச்சது பிசிக்ஸ்தான, அவ பாத்தாப் போதும்" என்றார் முதலாளி. அதைக் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் உலோகமும் குறைக்கடத்தியும் ஒட்டும் இடத்தைக் காட்டும் ஆற்றல் பட்டைப் படம் ஒன்று இருந்தது. ஃபெர்மி மட்டம் நேராகப் போனது. பட்டைகளின் கோடுகள் மட்டும் ஒட்டும் இடத்தை நெருங்கியதும் மேலே வளைந்தன. வயசாளி, கை நடுங்கியிருக்கும் என்று பாவப்பட்டு எல்லாவற்றையும் நேராக்கி, அச்சுக்கான பிளேட்டும் போடவைத்தாள் நம் பட்டதாரி. காலண்டர் வேலைக்கு முன்னால் கைடைத்தான் ஓட்ட வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு, ஜெயித்து, வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

மறுநாள் அதே கைடின் விடைப் பகுதியை அடித்துக்கொண்டிருந்தாள். மின்னோட்டம் ஒரு பக்கம் மட்டும் எளிதாகப் பாய்வது ஏன் என்பது கேள்வி. 'படத்தில் பட்டை மேல்நோக்கி வளைவதைக் காண்க. குறைக்கடத்தியிலிருந்து வரும் எலக்ட்ரான் அந்த மேட்டை ஏறித்தான் உலோகத்துக்குள் போக முடியும்' என்று விடை இருந்தது.

அவள் படத்தில் மேடு ஏது? வளைவுதான் விஷயமே! கல்லூரியில் இந்தப் பாடத்தைச் சாய்ஸில் விட்டதன் பலன் இப்போது வந்து நின்றது. ஐயாயிரம் புத்தகம். எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து மார்க்கைப் பறிகொடுக்கும்! மெஷின் பக்கம் ஓடினாள்.

"அண்ணே, கைடு ஓடிருச்சா?"

மெஷின்மேன் முனியராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "எங்கிட்டு ஓட? நீ பஸ் ஏறுனதும் முதலாளி காலண்டர ஏத்தச் சொல்லிட்டாரு. கோவப்படாத தாயி. ஒம் பிளேட்டு அந்தா, சாத்துன எடத்துலயே இருக்கு."

பைரோஜா காகிதக் கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "யா அல்லா!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சண்டையில் தோற்றதற்கு இத்தனை சந்தோஷப்பட்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதலாளியிடம் அவளே போய்ச் சொன்னாள். "நல்ல வேள, ஒரு பிளேட்டோட போச்சு" என்றவர், "புரூஃப அந்தம்மாவுக்கே அனுப்பிரு" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் வளைவை வளைவாகவே வரைந்து அனுப்பினாள்.

சாயங்காலம் முனியராஜிடம் ரோஜாப்பூக் காலண்டர்த் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, மேஜைக்கு மேலே ஒட்டினாள். அது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நிமிர்த்தாமல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.