தண்ணீருக்கு ரோடு போட்டவன்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். அதை ஒட்டிய ஒரு தனியார் நிலக்கரிக் கிடங்கில் எனக்கு ஓவர்சியர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலை. கால் தரையில் படாமல்தான் நடந்தேன்.

மழை பெய்தால் கரிக்குவியலிலிருந்து வழிகிற கறுப்புத் தண்ணீர், கடல் நீர் ஏறி வருகிற பக்கத்து ஓடையில் கலந்துவிடும். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் தை மாதம் உப்பளங்களுக்கு ஏற்றுவார்கள். கரி கலந்தால் உப்பு கறுத்துவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே கரித்தூளை அடியில் தங்கவைத்து, தெளிந்த நீரை மட்டும் வெளியே விட ஒரு குளம் வெட்டும் பொறுப்பை இன்ஜினீயர் என்னிடம் கொடுத்தார். நீளம், அகலம், ஆழம் எல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு.

ஐப்பசியில் முதல் மழை. மறுநாள் காலை ஓடை முழுக்கக் கறுப்பு! உப்பளத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கிடங்குக்கே வந்துவிட்டார்கள். இப்படியே போனால் வருகிற வருஷம் அளத்தைத் தரிசாகப் போட்டுவிடுவேன் என்று அவர்கள் முதலாளி சொல்லிவிட்டாராம். அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. முன்னால் நின்று சத்தம் போட்டது என் அம்மா. குளம் நான் வெட்டியது என்று அவளுக்குத் தெரியாது.

"எவன்லே இந்தக் குளத்த வெட்டுனவன்? உள்ள வார தண்ணி நேரா வெளிய போவ ரோடு போட்டு வச்சிருக்கான்!"

"படிச்சவனாத்தான் இருக்கும்ளா. நம்மளுக்கு இம்புட்டு அறிவு எங்கன வரும்?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஜினீயர் மெட்ராஸ்காரர். என்னிடம், "யாருப்பா இவங்க, உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்து உப்பளத்து ஆளுங்க சார்" என்றுதான் என் வாயில் வந்தது.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஏளா, வாங்க போவோம்" என்று திரும்பி நடந்துவிட்டாள்.

மத்தியானம் குளத்தங்கரைக்குப் போனேன். தண்ணீர் உள்ளே வருகிற மடையில் ஒரு ஓலைத் துண்டைப் போட்டுவிட்டுக் கரையோடு நடந்தேன். நான் போவதற்கு முன்பே ஓலை மறுமடைக்குப் போய்விட்டது. இரண்டு மடைகளையும் நேருக்கு நேர் வைத்திருந்தேன். ஓரத்துத் தண்ணீர் சும்மா நிற்க, நடுவில் மட்டும் ஓட்டம். அம்மா சொன்ன ரோடு! உப்பளத்தில் தண்ணீர் பாத்தி பாத்தியாக வளைந்து போவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். அதை ஒரு பாடமாக நினைத்ததே இல்லை.

இன்ஜினீயரிடம் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். குறுக்கே வரப்புகள் போட்டு, ஒன்றில் இடது ஓரமும் அடுத்ததில் வலது ஓரமுமாக வழி விட்டால் ஓட்டம் மெதுவாகும், கரி தங்கிவிடும் என்றேன்.

"மண் வரப்பு கரைஞ்சிடாதா?"

"உப்பளத்துக்காரங்க மிதிச்சா கரையாது சார். காலையில சத்தம் போட்டாங்களே, அது எங்கம்மா. சொல்லாம விட்டுட்டேன்."

"முதல்ல போய் அவங்களைக் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "யாரு வந்து கூப்பிடுதா? ஓவர்சியரா, எம்மவனா?"

"ரெண்டு பேருந்தாம்மா."

"அப்பம் ரெண்டு பேரும் வந்து மிதிங்கலே."

மழை விட்டிருந்த நாலு நாளில் குளத்தை இறைத்து, களிமண் வரப்புகள் போட்டோம். உப்புப் பாத்தியை மிதிப்பது போலவே பெண்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் மிதித்தார்கள். நானும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். "ஓவர்சியர் மிதிச்ச எடம் மட்டும் பொதபொதன்னு கெடக்கு" என்று கேலி வேறு. அம்மா அந்த இடத்தை மறுபடி மிதித்தாள்.

கார்த்திகையில் பெருமழை. வரப்பு ஒன்றுகூடக் கரையவில்லை. இன்ஜினீயர் வெளிமடைத் தண்ணீரை ஒரு மருந்து பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். லேசான மங்கல்தான், கறுப்பில்லை. பாட்டிலை என்னிடம் தராமல் அம்மாவிடம் நீட்டினார். தை பிறந்ததும் அளம் திறந்தது, உப்பும் வெள்ளையாகவே விளைந்தது.

அதுவரை எந்த விண்ணப்பத்திலும் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்றே எழுதி வந்தேன். இப்போது 'உப்பளத் தொழில்' என்று எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம் நான் மிதித்த இடத்தை அம்மா மறுபடி மிதித்தது ஞாபகம் வந்து, நெஞ்சு தானாக நிமிர்ந்துகொள்கிறது.