நாற்பத்தேழில் முடிகிற வேனைத் தேடி

ஆடி மாதம் வந்தால் என் ஸ்டூடியோவில் ஈ ஓட்டுவதுதான் வேலை. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அதனால் வருஷா வருஷம் ஆடியில் ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு நாள் எங்காவது கிளம்பிவிடுவேன். இந்த 2009 ஆடிக்கு ராமேஸ்வரம், தனுஷ்கோடி, கீழக்கரை. ஆனால் இந்தத் தடவை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு மனிதரைப் பொய்யர் என்று நிரூபிக்கப் போனேன்.

விஷயம் இதுதான். மாடல் கார் செய்கிறவர்களுக்காக ஆறு வருஷமாகத் தமிழில் ஒரு இணையக் களம் நடத்துகிறோம். அதற்கு நான் அட்மின். மாடல் கார் என்றால் கடையில் விற்கிற பொம்மை இல்லை. நிஜ வண்டியை அளந்து, அதை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டை, தகரம், பிளாஸ்டிக் தகடு என்று கையில் கிடைப்பதை வெட்டி ஒட்டிச் செய்வது. நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், டொராண்டோவில் ஒரு பஸ் டிரைவர், துபாயில் ஒரு தொழிலாளர் கேம்ப்பே இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் யார் எந்தப் பசை வாங்குவார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கு டயர் சரியாக வரவில்லை என்றால் மூன்று நாட்டிலிருந்து யோசனை வரும். ஒருத்தர் வீட்டில் துக்கம் என்றால் அன்றைக்கு யாரும் படம் போடமாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கீழக்கரைக்காரரான நைனா என்ற உறுப்பினர் ஒரு படம் போட்டார். தனுஷ்கோடி மணலில் ஆள் ஏற்றிப்போகிற பழைய வேன். ஈர மணல், பின்னால் கடல், இடது கதவில் ஒரு நெளிவு, சேறு அப்பின நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிகிறது, 47. கீழே ‘நான் செஞ்சது’ என்று ஒரே வரி. எல்லாரும் கைதட்டினார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாகக் கேமரா பிடிக்கிறவன். நிழலைப் பார்த்தேன், டயர் மணலில் அமுங்கியிருப்பதைப் பார்த்தேன். ‘இது மாடல் இல்லை, நிஜ வண்டி. நைனா பொய் சொல்கிறார். கள்ளப்படத்துக்கு இங்கே இடமில்லை’ என்று எழுதி, படமும் பதில்களும் இருந்த அந்த இழைக்கே பூட்டுப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அதில் யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது. நைனா அன்றோடு களத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ‘விசாரிக்காமல் எப்படிச் சொல்லலாம்’ என்ற முணுமுணுப்பு இரண்டு வருஷமாக அடங்கவே இல்லை. போன மாதம் பல் டாக்டர் சாரதா பகிரங்கமாகவே எழுதினார்: ‘அட்மின், நேரில் போய்ப் பாருங்கள். ஆடி முடிவதற்குள் இதற்கு ஒரு முடிவு தெரியவில்லை என்றால் நாங்கள் முப்பது பேர் வேறு களம் தொடங்கப் போகிறோம்.’ முப்பது பேர் போனால் மிச்சம் இருப்பது பெயர்ப்பலகைதான். நான் துளியும் கலங்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி நான். ‘ஆதாரத்தோடு வருகிறேன்’ என்று பதில் போட்டேன். அந்த வேனை நேரில் கண்டுபிடித்து, அதே கோணத்தில் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் திட்டம்.

மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர், டிக்கெட் 56 ரூபாய், இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். பரமக்குடியில் டீக்குப் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள். பாம்பன் பாலத்தில் ஏறும்போது 9.50. காற்று பஸ்ஸையே ஒரு தள்ளுத் தள்ளியது. 10.20க்கு ராமேஸ்வரம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலேயே லாட்ஜ், ஒற்றை அறை 350. பையைப் போட்டுவிட்டு, தனுஷ்கோடிப் பாதையில் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான் பஸ். அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர் மணலும் தண்ணீரும். வேனில்தான் போகவேண்டும், தலைக்கு ஐம்பது, இருபது பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள்.

ஒன்பது வேன்கள் நின்றன. ஆறாவது வேனின் இடது கதவில் அந்த நெளிவு. பிளேட்டின் கடைசியில் 47. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. டிரைவர் சேசு பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து நைனாவின் படத்தை எடுத்து நீட்டினேன். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

“அண்ணே, இது எந்த வண்டி?”

சேசு சிரித்தார். “என்னய்யா கேள்வி இது? என் வண்டிதேன். நெளிவைப் பாரும், நம்பரைப் பாரும். எங்க வச்சும் நான் கண்டுபிடிச்சிருவேன்.”

வண்டிக்காரரே சாட்சி! மளமளவென்று பதினான்கு படம் எடுத்தேன். ஆள் சேர முக்கால் மணி நேரம் ஆனது. இந்த வேன் பயணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோடு என்று எதுவும் கிடையாது. முந்தின வண்டி போன தடத்திலேயே போவார்கள், தடம் தண்ணீருக்குள் போனால் வண்டியும் தண்ணீருக்குள் போகும். முதுகுவலிக்காரர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வலது பக்கக் கடல் ஆடியில் ஆளை இழுக்கும், கால் நனைக்கக்கூட இறங்கவேண்டாம். இடது பக்கக் கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி இருக்கும். இடிந்த சர்ச், இடிந்த ரயில்வே ஸ்டேஷன், சுடச்சுட மீன் வறுத்துக் கொடுக்கிற கொட்டகை, எல்லாவற்றையும் பார்க்க ஒரு மணி நேரம் தருகிறார்கள். அது போதும்.

திரும்பி வந்து இறங்கும்போது சேசு ஒன்று சொன்னார்.

“ஒமக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, ரெண்டு மூணு வருசம் இருக்கும். கீழக்கரை ஆளு. டேப்பு வச்சு டயரு, கதவு, கண்ணாடி எல்லாத்தையும் அளந்து நோட்டுல எழுதுனாரு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளுன்னு நெனச்சு நாங்க பாதிப் பேரு வண்டிய எடுத்துட்டு ஓடிட்டோம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்து ஏமாற்ற வந்தவனுக்கு டேப் எதற்கு? ஆனாலும் என் வாய் ஓயுமா, ‘அளந்தவனெல்லாம் செய்துவிடுவானா’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். லாட்ஜுக்கு வந்து, களத்தில் நைனா கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அட்மின் பேசுகிறேன், நாளைக்கு வரலாமா என்றேன். “வாங்க” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை 9 மணி பஸ்ஸில் ராமநாதபுரம், 55 கிலோமீட்டர். அங்கிருந்து கீழக்கரை 17 கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். பஸ் ஸ்டாண்டில் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் தெருவைக் கேட்காமலே கொண்டுபோய் இறக்கினார். நைனாவுக்கு என் வயதுதான் இருக்கும். பத்தொன்பது வருஷம் துபாயில் கார் ஒர்க்‌ஷாப்பில் டிங்கர் வேலை பார்த்துவிட்டு, இடுப்பு வலியோடு ஊர் திரும்பியவர். உட்காரச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

“இவுகதானா அந்தப் பூட்டுப் போட்ட ஆளு?”

“சும்மா இரு. வீட்டுக்கு வந்தவுக.”

“நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்குக் கீழ வச்ச அட்ட வெட்டுற கத்திய இன்னைக்கி வரைக்கும் நீங்க எடுக்கல, அதத்தான் சொல்றேன்.”

தட்டில் தொதல் வந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு நாள் முழுக்கக் கிண்டுகிற கீழக்கரை அல்வா. நைனா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். துணியைப் பிரித்து, அந்த வேனை என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு சாண் நீளம்கூட இல்லை. இடது கதவில் அதே நெளிவு. சேறு அப்பின பிளேட்டில் 47. நான் அதைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சிமென்ட் தரை மணலாகிவிட்டது, சேசுவின் வண்டி கிளம்பக் காத்து நின்றது. எழுந்திருக்கவே வெட்கமாக இருந்தது.

“நெளிவு எடுக்குறதுதான் எனக்குத் தொழிலு,” என்றார் நைனா. “நெளிவு போட்டுப் பழக்கமில்ல. அந்தக் கதவுக்கு மட்டும் ஆறு நாளாச்சு. படத்தத் தனுஷ்கோடியிலயே ஈர மணல்ல அமுக்கி வச்சு எடுத்தேன்.”

நான் சட்டென்று சமாளித்தேன். வாய்க்காரனுக்கு அதுதானே வரும். “பாருங்க நைனா, என் கண்ணே நிஜம்னு நம்பிருச்சுன்னா, இதைவிட உங்களுக்கு என்ன பாராட்டு வேணும்?”

“எல்லாரும் அதத்தான் சொன்னாக, பாராட்டா எடுத்துக்கங்கன்னு.” குரலை உயர்த்தவே இல்லை. “கள்ளன்னு சொன்னத எப்படிங்க பாராட்டா எடுத்துக்கிறது? துபாய் கேம்ப்புல என்கூட ஒரே ரூம்புல பதினோரு வருசம் இருந்தவுக அந்தக் களத்துல இருக்காக. போன் போட்டு, ‘என்ன நைனா, படம் எங்க சுட்டீக’ன்னு சிரிச்சாக. என் நம்பரு ஒங்ககிட்ட இருந்துச்சு. ஒரு போனு போட்டுக் கேட்டிருக்கலாம்ல?”

கேட்டிருக்கலாம். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“எழுதுன எடத்துலயே எழுதுங்க. நான் பாக்கணும்.”

அவர் வீட்டில் அப்போது இணைய இணைப்பு இல்லை. இரண்டு தெரு தள்ளி பிரவுசிங் சென்டர். இருவரும் போனோம். நான் அட்மினாக உள்ளே நுழைந்து, இழையின் பூட்டைத் திறந்து, இப்படி அடித்தேன்: ‘நண்பர் நைனாவின் படம் குறித்து ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது. வருந்துகிறோம்.’

நைனா திரையில் விரலை வைத்தார். “ஏற்பட்டுருச்சா? மழ பேஞ்ச மாதிரி தானா வந்துச்சாக்கும்?”

அவர் விரல் அடுத்த வார்த்தைக்கு நகர்ந்தது.

“வருந்துகிறோம்னு போட்டிருக்கீக. அது யாரு அந்த ‘றோம்’? நீங்க ஒத்த ஆளுதானே எழுதுனீக?”

ஆறு வருஷமாக நான் எழுதின அறிவிப்பு எல்லாமே ‘முடிவு செய்யப்பட்டது’, ‘நீக்கப்பட்டது’, ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்றுதான் முடியும். யார் செய்தது என்று எதிலும் இருக்காது. அழித்தேன். மறுபடி அடித்தேன்: ‘நைனா பொய் சொல்கிறார் என்று நான் எழுதினேன். அவர் சொன்னது உண்மை. வேனை இன்று என் கையில் வைத்துப் பார்த்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கள்ளப்படம் என்று சொன்னதும் பூட்டியதும் நான். நைனா, என்னை மன்னியுங்கள்.’ ஐந்து வரி. இதை எழுத எனக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது.

அவர் இரண்டு முறை வாசித்தார். அந்த நேரம் பாங்கு கேட்டது. “தொழுதுட்டு வாரேன்” என்று எழுந்து போனார். திரும்பி வருவாரா, வீட்டுக்குப் போய்விடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினதை அனுப்பிவிட்டு, கை சும்மா இருக்க முடியாமல் உங்களுக்காகக் குறிப்பு எழுதினேன். அதையே இங்கே தருகிறேன்.

ஆடி அமாவாசையன்று மட்டும் ராமேஸ்வரம் பக்கம் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. தனுஷ்கோடிக்குக் காலை பத்து மணிக்குள் போனால் வெயிலுக்குத் தப்பலாம், சாயங்காலம் ஐந்துக்கு மேல் திரும்ப வேன் கிடைப்பது சந்தேகம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஆடிக் காற்றில் மணல் ஊசியாகக் குத்தும், கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே வைத்திருங்கள், லென்ஸை அங்கே மாற்றவே வேண்டாம். கீழக்கரைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், கடை அடைத்திருக்கும். தொதல் வாங்கினால் பத்து நாள் கெடாது. பிரவுசிங் சென்டர் மணிக்கு இருபது ரூபாய், தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். களம், குழுமம் எதுவாவது நடத்துகிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒருத்தரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்யுங்கள். மதுரையிலிருந்து கீழக்கரைக்கு ஒரு நிமிஷம் பேச ஒரு ரூபாய்தான் ஆகும்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து நைனா வந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அனுப்பியாச்சா?”

“அனுப்பிட்டேன்.”

கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தி, என் கணக்கிலிருந்து வெளியேறி, யோசிக்காமல் தன் பாஸ்வேர்டை அடித்தார். நான் எழுதினதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே டொராண்டோவிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்திருந்த பதில்களையும் பார்க்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தார். நான் பூட்டுப் போடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் சாரதா எழுதியிருந்த ஒரு வரியில் நின்றார். ‘முன்கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது என்ன பெயின்ட்?’

“ரெண்டு வருசமா டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லாமக் கெடக்கு,” என்றார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

‘பெயின்ட் இல்ல டாக்டர். உப்பு.’