ஈருள்ளி வாசமும் ஒரு விருப்பக் கடிதமும்

மாரிச்செல்வியை வேதியியல் ஆய்வகத்தைவிட்டு வெளியே அனுப்பியது நீங்கள்தான், தலைமையாசிரியர் அவர்களே. அவளாகப் போகவில்லை.

இது அவருக்கு. இனிச் சொல்வது உங்களுக்கு.

போன மாதம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு. தலைப்பு ‘எல்லோருக்கும் அறிவியல்’. கட்டாயம் வரவேண்டும் என்று கடிதம் வந்ததால் போயிருந்தேன். வெளியே சாரல். அருவிக்குப் போகிற கூட்டம் எண்ணெய் வழியத் தெருவில் நடக்கிறது, நாங்கள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறோம். மண்டபத்துக்குப் பின்னால் மதியச் சமையல். ஜன்னல் வழியாகச் சின்ன வெங்காயம் உரிக்கிற நெடி வந்தது. எங்கள் பக்கம் அதற்கு ஈருள்ளி என்று பெயர். அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்குச் சாம்பார் நினைவு வராது, காஸ்டிக் சோடா நினைவுதான் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

மேடையில் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், திரையில் ஒரு படத்தைக் காட்டினார். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கண்ணாடிக் குடுவையை மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அவரே, சிரித்தபடி. “பார்வையில்லாத மாணவியை அந்தக் காலத்திலேயே ஆய்வகத்தில் நிறுத்தியவன் நான்” என்றார். கைதட்டினார்கள். பழக்கதோஷம், நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். மூன்றாவதுக்குக் கை வரவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

அப்போது நானும் ஜெபாவும் எம்.எட். படித்துக்கொண்டிருந்தோம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். பார்வையில்லாத பிள்ளைகள் செய்முறை வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றாள் ஜெபா. பார்த்ததில் தெரிந்தது, ஒன்றும் செய்வதில்லை. அவர்களுக்கு ‘விலக்கு’. மற்ற பிள்ளைகள் குடுவையைக் குலுக்கும்போது இவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தென்காசியில் நாங்கள் போன பள்ளியில்தான் மாரிச்செல்வி இருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று நின்றாள். செய்முறை செய்ய முடியாதவளுக்கு எப்படி இடம் கொடுப்பது என்று தலைமையாசிரியர் மறுத்துக்கொண்டிருந்தார். அவரே வேதியியல் ஆசிரியராக இருந்தவர்தான்.

எங்களைப் பெரிய ஆய்வாளர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் நாங்கள் அவளிடம் கொண்டுபோனது அச்சடித்த வினாத்தாள். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம், டிக் போடவேண்டும். அவள் தாளை வாங்கி முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். “நல்ல பேப்பரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். 

ஈருள்ளி விஷயம் புத்தகத்திலேயே இருக்கிறது. காஸ்டிக் சோடா மாதிரிக் காரத்தில் வெங்காயச் சாற்றின் வாசம் அடங்கிவிடும், அமிலம் சேரச் சேரத் திரும்பி வரும். நிறம் மாறுவதைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில் வாசம் திரும்புவதை மூக்கால் பிடிக்கலாம். அமிலத்தை அளக்கப் பெரிய சிரிஞ்சு. அதன் தண்டில் ஒவ்வொரு மில்லிக்கும் பிளேடால் ஒரு வெட்டு, விரல் நகத்தால் எண்ணிக்கொள்ளலாம். சிரிஞ்சு வாங்கப் போனது நான். பத்து வேண்டும், ஊசி வேண்டாம் என்றதும் மருந்துக்கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். படிப்புக்கு என்றேன். “எல்லாவனும் அப்படித்தாம்டே சொல்லுதான்” என்று, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்.

முதல் முயற்சி படுதோல்வி. மாரிச்செல்வி குடுவையை முகர்கிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள், மறுபடி முகர்கிறாள். ஜெபா என் காதில், முறையே தப்பு போல, தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். அது மாரிச்செல்விக்குக் கேட்டுவிட்டது.

“யக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்கன வச்சு உள்ளி நறுக்குனிய?”

“இங்கனதாம்ட்டி. இந்த மேசையிலதான்.”

“அப்போ ரூம் பூரா உள்ளி, ஒங்க கையெல்லாம் உள்ளி. நா குடுவைய எங்கன போயி மோந்து பாக்க? கையக் கழுவிட்டு வெளிய நில்லுங்க.”

வெளியே நின்றோம். ஜன்னலைத் திறந்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து அவள் தனியாகச் செய்தாள். பார்வையுள்ள இரண்டு முதுகலைப் பட்டதாரிகளுக்கு அறைக்கும் ஒரு வாசம் உண்டு என்று தோன்றவில்லை. அன்றைக்கு முறையைச் சரிசெய்தவள் மாரிச்செல்வி. எங்கள் ஆய்வேட்டில் அவள் பெயர் ‘மாதிரி எண் 1’. இப்போது எழுதவே கூசுகிறது.

செய்து காட்டினால் இடம் தருகிறேன் என்று தலைமையாசிரியர் வாயால் சொன்னார். ஆனி மாதச் சாரல், ஊரே தும்மிக்கொண்டிருந்தது. அவரும் தொண்டையில் மப்ளர், நெற்றியிலும் மூக்கிலும் தைலம். முதலில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்தேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. பிறகு அவள் மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் பதினான்கு வெட்டில் நிறுத்தினாள். பக்கத்து மேசையில் ஜெபா வழக்கம்போல நிறம் பார்த்துச் செய்தாள். இளஞ்சிவப்பு மறைந்ததும் பதினான்கில்தான். தலைமையாசிரியர் குடுவையை வாங்கி முகர்ந்தார். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை, வராததை வந்தது என்று எப்படி ஒப்புக்கொள்வது என்றார்.

மாரிச்செல்வி சத்தம் உயர்த்தவில்லை. “சார், நீங்க தைலம் தேச்சிருக்கீய. ஒங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கு. இன்னைக்கு ஒங்களுக்குத்தான் சார் விலக்கு குடுக்கணும்.”

ஆய்வக உதவியாளர் சிரித்துவிட்டார். ஜெபாவும் சிரித்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவள் அப்படிப் பேசியதால்தான் இடம் போயிற்று என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தப்பு. பேசாமல் நின்றிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார். அந்தப் பதினான்கு வெட்டுக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள் காகிதத்தைத் தேடுவார்கள். மறுவாரம் அவளுடைய அம்மாவை வரவழைத்தார். அமிலம் முகத்தில் தெறித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பெற்றவள் என்ன செய்வாள். ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மாணவி தன் சொந்த விருப்பத்தின் பேரில் வரலாற்றுப் பிரிவையே கேட்பதாக அதில் இருந்தது. மாணவியைக் கூப்பிடவே இல்லை.

கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். அதே மேசையில், அதற்குப் பக்கத்திலேயே, நாங்கள் களப்பணி முடித்ததற்கான சான்றிதழ்கள் இருந்தன. அது இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. ஜெபா பேனாவைத் தொடவில்லை. “ஏலே, வா போவோம்” என்றாள். நான் போகவில்லை. கையெழுத்துப் போட்டேன். என் சான்றிதழோடு அவள் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெபா அதை வாங்கிக்கொண்டாள், ஆனால் அதற்குப்பிறகு என்னோடு பழையபடி பேசவில்லை. ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

கருத்தரங்கு முடிந்து சாப்பிடாமல் வெளியே வந்து மாரிச்செல்விக்குப் போன் செய்தேன். அவள் இப்போது வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. நல்ல ஆசிரியை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அவள் அன்றைக்குக் கேட்ட பிரிவு அது இல்லை. மேடையில் காட்டிய படத்தைப் பற்றிச் சொன்னேன்.

“படத்துல சாரும் இருக்காராண்ணே?”

“ஒனக்குப் பின்னால நிக்காரு. சிரிச்சிக்கிட்டு.”

“சிரிச்சாரா? எனக்குச் சத்தமே கேக்கலயே.”

சாட்சிக் கையெழுத்து என்னுடையது என்பதை அப்போதுதான் சொன்னேன்.  திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. “எழுதுங்க” என்றாள். “நா வரலாறு கேக்கலன்னு எழுதுங்க. அதுல ஒங்க கையெழுத்தையும் சேத்து எழுதுங்க.”

மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போனேன். ஆய்வகம் இல்லை. இடித்துவிட்டுப் பெரிய திரை வைத்த வகுப்பறை கட்டியிருக்கிறார்கள். செய்முறையைத் திரையில் காட்டுகிறார்களாம், எல்லோரும் பார்க்கலாமாம். எல்லோரும் என்று சொன்ன இளம் ஆசிரியர் மேல் தப்பு இல்லை. கல் மேசைகள் போய்விட்டன. அமிலக்கறை படிந்த தொட்டி போய்விட்டது. வெட்டுப் போட்ட சிரிஞ்சுகளைப் பழைய சாமான்களோடு அள்ளிவிட்டார்கள். அந்த உதவியாளரும் இப்போது இல்லை. அலுவலகத்தில் கேட்டதில், பழைய சேர்க்கைக் கோப்புகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றனவாம். அந்தக் கடிதம் அதில்தான் இருக்கும்.

ஆகவே, தலைமையாசிரியர் அவர்களே, என் பங்கை எழுதிவிட்டேன். பொய்க் கடிதத்துக்குச் சாட்சி போட்டேன், ஒரு சான்றிதழுக்காக. எந்த மேடையில் கேட்டாலும் இதையே சொல்வேன். நீங்கள் உங்கள் பங்கைச் சொல்லவேண்டும். என்னிடம் தனியாகப் போனில் சொல்லவேண்டாம், மாரிச்செல்வி வீட்டுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். அந்தப் படத்தை எந்தக் கூட்டத்துக்குக் காட்டினீர்களோ அதே கூட்டத்துக்கு முன்னால், மைக்கில், அந்தக் கடிதத்தை வாசியுங்கள். மூன்று தடவை சரியாகச் செய்து காட்டியவளுக்கு ஏன் இடம் கொடுக்கவில்லை? அவளைக் கேட்காமலே அவள் விருப்பத்தை எழுதியது யார்? பதில் சொல்லுங்கள்.