நாலாம் கியரில் நின்ற லோரி

தம்பி பிறந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யார் பேச்செடுத்தாலும், அது நேராக லோரியில்தான் போய் நிற்கும்.

அப்பாவிடம் செம்பனைக் குலைகள் ஏற்றும் பழைய லோரி ஒன்று இருந்தது. அதன் இடப்பக்கக் கதவுப் பூட்டு இறுகிப்போய், உள்ளிருந்தும் திறக்காது, வெளியிலிருந்தும் திறக்காது. கியர் கம்பும் அவ்வப்போது சண்டித்தனம் செய்யும். இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, அம்மாவுக்கு வலி கண்டது. சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஓட்டுநர் பக்கமாகவே அம்மாவை ஏற்றி, அந்தக் கோடிவரை நகர்த்தி உட்காரவைத்து, ஒன்பது வயதான என்னையும் நடுவில் திணித்துக்கொண்டு அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ரெம்பியா டவுனுக்குப் போகும் தோட்டத்துச் செம்மண் மேட்டில் பாதி ஏறியதும் கியரைக் குறைக்கப் பார்த்தார். கம்பு நாலாம் கியரை விட்டு அசையவில்லை. லோரி ஒருமுறை குலுங்கி அணைந்தது. பின்னால் சரிவு, சரிவின் அடியில் குளம். போனில் லைன் இல்லை.

அப்பா குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையின் விளிம்புக்கு இழுத்து, இரண்டு கால்களையும் பிரேக்கில் வைக்கச் சொன்னார்.

"ஹேண்ட்பிரேக் சரியா நிக்காது ம்மா. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத."

முதலில் அம்மாவின் கதவைப் பிடித்தார். பூட்டில் எண்ணெய் விட்டார், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், தோளால் இடித்தார். அவசரத்தில் பாதி எண்ணெய் சட்டையில் வழிந்தது. ஒருவழியாகக் கதவு திறந்துகொண்டது.

"நீ எறங்கிடு. அந்த மரத்தடியில போய் உக்காரு."

"பிள்ள?"

"அவ பிரேக்க பிடிக்கணும் லா. வேற யாரு இருக்கா?"

அம்மா என் கால்களைப் பார்த்தார். பிறகு கதவை இழுத்துப் படாரென்று சாத்திவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க கியரப் பாருங்க."

அப்பா லோரிக்கு அடியில் நுழைந்தார். கியர்பெட்டி மேல் சிக்கியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டும் என் பாதத்தில் ஏறியது. வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தச் சிக்கிய கியர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மாவின் ஒரு கை வயிற்றிலும் இன்னொரு கை என் முட்டி மேலும் இருந்தன. வலி தாங்காமல்தான் முட்டியை அப்படி அழுத்துகிறார் என்று நினைத்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். லோரி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. கல் நொறுங்கியது.

"அமுக்கு! அமுக்கு!" என்று அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

நான் இருக்கையை விட்டெழுந்து பிரேக்கின் மேலேயே நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார். லோரி நின்றது. அப்பா வெளியே உருண்டு வந்து, தாவி ஏறி, என் காலின் மேலேயே தன் காலை வைத்தார். எண்ணெயும் மண்ணுமாக இருந்த அவர் முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கதவு மறுபடியும் திறக்கவில்லை. அம்மா வலியோடு இருக்கையில் தேய்த்துத் தேய்த்து ஓட்டுநர் பக்கம் வந்துதான் இறங்க வேண்டியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த தமிழ்த் தாதியிடம் முறையிட்டேன்.

"அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுத் தொறந்தாங்க தெரியுமா மிஸி? அம்மாதான் சும்மா இருக்காம திரும்ப சாத்திட்டாங்க."

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அம்மா மேல் கோபம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.